பனி எவ்வளவு?

"ரூழ்" என்றார் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த முசியே பெர்னார். "நில்லு" என்றார் பக்கத்தில் இருந்த அவர் மனைவி மதாம் ஓதில். கார் நின்றது. பின் இருக்கையில், மதாமுக்கு நேர் பின்னால், மடியில் பிஸ்கட் டப்பாவோடு உட்கார்ந்திருந்த வேதநாயகிக்கு இது பழகிப்போன சங்கதி. ரூழ் என்றால் சிவப்பு. காரைக்காலில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருஷமாகப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறவள் அவள். ஆறாம் வகுப்புக்கு முதல் மாதமே நிறங்கள்தான், அந்தக் கடைசி எழுத்து நம்ம ழ இல்லைடா, நாக்கை மடிக்காதே, பல்லுக்கு நடுவுல காத்தை விடு என்று எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பாள். ஆனால் பிரான்சு மண்ணை மிதிப்பது நாற்பத்தாறு வயதில் இதுதான் முதல் தடவை. வெளிநாட்டு ஆசிரியர்களுக்கான ஆறு வாரப் பயிற்சி, ரூவான் நகரத்தில். தங்குவதற்கு நகரத்துக்கு வெளியே இந்தத் தம்பதியின் வீட்டு மாடியறை. சனிக்கிழமையானால் எங்காவது கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள். முதல் சனிக்கிழமை பெரிய கோயில், போன சனிக்கிழமை அல்லிக்குளம் இருக்கிற ஒரு தோட்டம், இன்றைக்கு எத்ரத்தா, கடலுக்குள் யானைத் துதிக்கை மாதிரி இறங்கி நிற்கிற வெள்ளைப் பாறைகள். முதல் சனிக்கிழமையே கவனித்தாள், முசியே வழியில் தென்படுகிறதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுவார். சிவப்பு. பச்சை. ரவுண்டானா. ஒரு சைக்கிள். மதாம் அதற்குப் பதில் சொல்லுவார். நில்லு. போ. இரண்டாவது திருப்பம். சைக்கிள் போகட்டும். தனக்குச் சொல் பழக்குவதற்காகத்தான் இரண்டு பேரும் இப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று நினைத்து அவள் மனம் குளிர்ந்துபோய், நோட்டுப் புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு சொல்லாக எழுதிக்கொண்டாள். கட்டின புருஷனை நில்லு, போ என்கிறாரே என்று கொஞ்சம் சிரிப்பும் வந்தது. இந்த பாஷையில் அப்படித்தான் என்று அவளே வகுப்பில் சொல்லுகிறவள்தான், ஆனாலும் காதால் கேட்கும்போது வேறு மாதிரி இருந்தது. இளங்கோவனை அவள் ஒரு நாளும் வா போ என்று சொன்னதில்லை.

"பச்சை." "போ." கார் நகர்ந்தது. வீட்டை விட்டுக் கிளம்பி அரைமணி ஆகியிருக்கும். இரண்டு பக்கமும் வயல், வயலுக்கு மேல் மூடுபனி, போகப் போகக் கெட்டியாகிக்கொண்டே வருகிற மாதிரி இருந்தது. பிஸ்கட் டப்பாவைத் திறந்து முன்னால் நீட்டினாள், எடுத்துக்குங்க மதாம். மதாமின் கை வந்தது, டப்பாவுக்குப் பக்கத்தில் வெறும் காற்றில் ஒரு துழாவு துழாவியது, பிறகு வேண்டாம் என்று சொல்லித் திரும்பிப்போனது. எடுக்க வந்துவிட்டு எதற்கு வேண்டாம் என்கிறார்? நான் தொட்ட பண்டம் என்றா? அந்த எண்ணம் வந்ததும் மூன்று வாரத்து முள்ளெல்லாம் ஒன்றாகக் குத்தியது. மதாம் அவளை நேருக்கு நேர் பார்த்ததே கிடையாது. பேசும்போது முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, காதுக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி அங்கே பார்ப்பார். என் நிறம் பிடிக்கலை போல இருக்குங்க என்று இளங்கோவனிடம் போனில்கூடச் சொல்லிவிட்டாள், அவர், விடு, ஆறு வாரம்தானே என்றார். காலையில் காபி ஊற்றும்போது கோப்பைக்குள் விரலை வளைத்து வைத்துக்கொண்டு ஊற்றுவார் மதாம், காபி விரலைத் தொட்டதும் நிறுத்துவார். அதைப் பார்த்த முதல் நாளே வேதநாயகி அருவருத்துப்போய், எனக்குக் காபி பழக்கமில்லை என்று ஒரு பொய் சொல்லி, மூன்று வாரமாகத் தலைவலியோடு பயிற்சிக்குப் போய்வருகிறாள். முசியே அப்படியில்லை, தங்கமான மனுஷர். நாற்பது வருஷம் மாட்டு வைத்தியம் பார்த்தவர். தினமும் காலையில் எழுந்து நின்று கை கொடுத்து, எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்பார். இந்தியா என்பாள். இந்தியாவில் மாடுகள் நன்றாக இருக்கின்றனவா என்பார். தினமும். பேச்சுக்குப் பேச்சு வளர்க்கிற மரியாதை இது என்று எண்ணி, தினமும் புதுசாகப் பதில் சொன்னாள். இன்றைக்குக் கார் ஏறும்போது மனைவியிடம் குனிந்து, இந்த அம்மாவை எங்கே இறக்கிவிடணும் என்று கேட்டார். தமாஷ் என்று நினைத்து அவள் சிரித்தாள். மதாம் சிரிக்கவில்லை. மதாம் ஏன் சிரிக்கவில்லை?

பனி இப்போது வயலை விட்டு ரோட்டுக்கு இறங்கிவிட்டது. எதிரே வருகிற வண்டிகளின் விளக்கு முதலில் வெறும் மஞ்சள் கறையாகத் தெரிந்து, திடீரென்று வண்டியாகி, உஸ்ஸென்று பக்கத்தில் போனது. வேலியோரம் நிற்கிற மாடுகள் கால் இல்லாமல் மிதந்தன. காரைக்காலில் மார்கழியில் விழுகிற பனியெல்லாம் ஒரு பனியா, இது சுவர். அப்போது மதாம், சன்னல் பக்கம் திரும்பியிருந்த முகத்தைத் திருப்பாமலே, வெகு சாதாரணமாகக் கேட்டார்: "பெர்னார், பனி இருக்கா?" இருக்கிறது என்றார் அவர். "எவ்வளவு?" அவர் கொஞ்சம் யோசித்தார். "கொஞ்சம்." வேதநாயகிக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. கேள்வி காதில் விழுந்து, அர்த்தம் விளங்கி, அதற்குப் பிறகும் ஏதோ ஒன்று பாக்கி நின்றது. சன்னலுக்கு வெளியே சுவர் மாதிரிப் பனி, சன்னலுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் மதாமின் முகம், அந்த முகம் கேட்கிறது பனி இருக்கா என்று. கோப்பைக்குள் விரல். காற்றில் துழாவின கை. காதுக்குப் பின்னால் பார்க்கிற பார்வை, நடுவில் ஒன்றும் தெரியாதவர்கள் ஓரத்தால் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. முசியே பார்த்துச் சொல்லுகிறார், என்ன செய்யணும் என்று அவருக்குத் தெரியாது. மதாமுக்குத் தெரியும், பார்க்க முடியாது. சிவப்பு, நில்லு. பச்சை, போ. மூன்று வாரமாகச் சொல் பழக்கம் என்று நினைத்து அவள் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தது இந்த இரண்டு பேரும் சேர்ந்து வண்டி ஓட்டுகிற விதத்தை. கதவுக்கு மேலே இருக்கிற பிடியைக் கை தானாகத் தேடிப் பிடித்தது. பெல்ட்டை இழுத்துப் பார்த்தாள். ஒரு தரம். மறுபடி ஒரு தரம்.

சொல்ல வேண்டும். என்ன சொல்ல? வண்டியை நிறுத்துங்கள் என்று சொன்னால் ஏன் என்பார்கள். ஏன் என்றால் என்ன சொல்வது, உங்களுக்குக் கண் இல்லை, உங்களுக்கு நினைவு இல்லை என்றா, அவர்கள் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு, அவர்கள் வண்டியில் உட்கார்ந்துகொண்டு, அவர்களுடைய பாஷையில்? மரியாதையாகச் சொல்ல ஒரு வினை வடிவம் உண்டு, முடியுமானால், கூடுமானால், உங்களுக்குச் சிரமமில்லை என்றால், கரும்பலகையில் மூன்று பத்தியாக எழுதிப்போட்டுப் பிள்ளைகளை ஒப்பிக்கச் சொல்லுகிற வடிவம், அதில் ஒன்றுகூட இப்போது நாக்குக்கு வரவில்லை. ஒருவேளை இதெல்லாம் என் கற்பனையோ. போன சனிக்கிழமை பத்திரமாகத்தானே போய்வந்தோம். அதற்கு முந்தைய சனிக்கிழமையும். வாந்தி வருகிறது என்று சொல்லி இறங்கிவிடலாமா, இறங்கி இந்தப் பனியில் மாடுகளோடு நிற்கவா, நான் இறங்கிக்கொண்டால் அவர்கள் மட்டும் போகட்டுமா? "ரவுண்டானா." "மெதுவா. யாராவது வராங்களா?" "ஒரு டிராக்டர்." "அது போகட்டும். இப்ப போ, மூணாவது." முன்னே, காரைக்காலில், செபஸ்தியான் என்று ஒருத்தர் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். டீச்சர்களை ஏற்றிக்கொண்டு வருகிற காலை நடை. டிரைவருக்கு நேர் பின் சீட்டு வேதநாயகிக்கு. மேலே இருக்கிற கண்ணாடியில் அவர் கண் தெரியும். அந்தக் கண் மூடுவதை ஒரு திங்கட்கிழமை பார்த்தாள். செவ்வாய்க்கிழமையும் பார்த்தாள். வயசில் மூத்த மனுஷர், வீட்டில் நோயாளி மனைவி, தூக்கம் போதலை போல, எப்படிச் சொல்வது, ஹெட்மாஸ்டரிடம் சொன்னால் வேலை போய்விடும், அவரிடமே சொன்னால் முகம் சுண்டிவிடும், நாளைக்குச் சொல்லலாம். புதன்கிழமை பார்த்தாள், நாளைக்குக் கட்டாயம். வியாழக்கிழமை திருநள்ளாறு ரோட்டில் வேன் புளியமரத்தில் ஏறியது. யாரும் சாகவில்லை. கணக்கு டீச்சர் காமாட்சிக்கு மட்டும் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. திடீர்னு என்னதான் ஆச்சோ என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாரும் பேசிக்கொண்டபோது வேதநாயகியும் ஆமாம் திடீர்னு என்றாள். ஒன்பது வருஷமாகிறது. இளங்கோவனிடம்கூட அதைச் சொன்னதில்லை. காமாட்சி இன்னமும் பொங்கலுக்குப் பொங்கல் அவளுக்கு வாழ்த்து அனுப்புகிறாள். இதோ அடுத்த ஊர் வரட்டும், சொல்லிவிடுகிறேன். பலகை வந்தது, ஊர்ப் பெயர் பனியில் பாதிதான் தெரிந்தது. அந்தப் பெட்ரோல் பங்க் வரட்டும். வந்தது, போனது. அந்த வளைவு தாண்டட்டும். தாண்டிற்று.

மதாமின் கைப்பையில் போன் அடித்தது. அவர் துழாவி எடுத்து, பொத்தானைத் தடவிப் பார்த்து அழுத்திக் காதில் வைத்தார். மகள் கிளேர், லீல் நகரத்தில் இருக்கிறவள். குரல் பின் சீட்டு வரைக்கும் கேட்டது, அம்மா எங்கே இருக்கீங்க, வெளியில பனி பயங்கரமா இருக்காமே. "வீட்லதான் இருக்கோம் கண்ணு" என்றார் மதாம். "அப்பா பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கார்." வேதநாயகியின் காதில் அந்தப் பொய் முழுசாக விழுந்தது. அப்படியானால் பெற்ற பெண்ணுக்கே தெரியாது. இந்த உலகத்தில் இது தெரிந்தவர்கள் இந்தக் காருக்குள் இருக்கிறவர்கள் மட்டும்தான், அதிலும் ஒருவருக்கு மறந்துபோயிருக்கும். "ரூழ்" என்றார் முசியே. மதாம், ஆமாம் ஆமாம் சூப் வைக்கப்போறேன் என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு நாற்சந்தி, பனிக்குள் ஒரு சிவப்புப் பொட்டு. "ரூழ்" என்றார் மறுபடியும், இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாக, சரியான விடை சொல்லிவிட்டு டீச்சர் முகத்தைப் பார்க்கிற பிள்ளை மாதிரி. வண்டி வேகம் குறையவில்லை. கூடவும் இல்லை. அதே வேகம். இடப்பக்கத்துப் பனியில் இரண்டு மஞ்சள் கறை. நிறுத்துங்க என்றாள் வேதநாயகி. சொன்ன பிறகுதான் தெரிந்தது அது தமிழ் என்று. மஞ்சள் கறைக்குப் பின்னால் ஒரு பெரிய வெள்ளிப் பீப்பாய், பால் லாரி. நிறுத்துங்க என்பதற்குப் பிரெஞ்சில் என்ன சொல்? நான் நிறுத்துகிறேன், நீ நிறுத்துகிறாய், அவன் நிறுத்துகிறான், நாம், நீங்கள், கட்டளையில் எழுவாய் விழுந்துவிடும் பிள்ளைகளா, "ரூழ்!" என்றார் அவர் மூன்றாவது தடவை, அவர் குரலிலும் இப்போது பயம் வந்துவிட்டது, எழுவாய் விழுந்துவிடும், வினை மட்டும் நிற்கும், "அர்ரேத்தே!" என்று அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, இரண்டு கையும் அவர் தோளைப் பிடித்திருந்தன. முசியே பிரேக்கை மிதித்தார். டப்பா பறந்தது. பெல்ட் நெஞ்சை அறுத்தது. முன் கண்ணாடி முழுக்க வெள்ளிப் பீப்பாய், ஹாரன், பிறகு வெறும் பனி. காரின் தரையில் கிடந்த போனிலிருந்து மகளின் குரல் வந்தது: அம்மா, அது யார் குரல், அம்மா, எங்கே இருக்கீங்க?

மதாம் குனிந்து தடவி எடுத்து போனை அணைத்தார். வேதநாயகி சொன்னாள், வலப்பக்கம், மெதுவாக, இன்னும் கொஞ்சம், நிறுத்துங்கள். முசியே அவள் சொன்னபடி செய்தார். ஒரு சின்ன ஊரின் தேவாலயத்து முன்னால், இலை உதிர்ந்த மரத்தடியில் வண்டி நின்றது. கடலுக்கு எட்டு கிலோமீட்டர் என்று பலகை சொன்னது. அவர் சாவியைக் கழற்றி, எந்த வருத்தமும் இல்லாமல், பின்னால் திரும்பி அவளிடம் நீட்டினார், வந்துவிட்டோமா என்று கேட்டார். அவள் சாவியை வாங்கி மேல்கோட்டுப் பைக்குள் போட்டு, பைக்குள்ளேயே இறுக்கி மூடிக்கொண்டாள். அதை யாரும் பார்க்கவில்லை. பார்க்கக்கூடியவர் ஒருத்தர்தான், அவர் மரத்தில் இருக்கிற காகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மதாம், பிஸ்கட் தூள் உதிர்ந்துகிடந்த மடியைத் தட்டிக்கொண்டே, "உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்" என்றார். "முதல் வாரமே நோட்டுல எழுதிக்கிட்டீங்க. பேனா சத்தம் கேட்டுச்சு. தெரிஞ்சும் ஒண்ணும் சொல்லாம இருக்கீங்க, நல்ல மனசுன்னு நினைச்சேன். பின்னால ஒரு ஆள் பார்த்துக்கிட்டிருக்குன்னு எனக்கு ஒரு தைரியம்." அந்தச் சொல் அவளைப் பால் லாரியை விட மோசமாக மோதியது. தெரிந்தும் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறவள். அது பொய் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அடுத்த ஊர் வரட்டும், பங்க் வரட்டும், வளைவு தாண்டட்டும் என்று உட்கார்ந்திருந்தது யார்? மதாம் தொடர்ந்து பேசினார், குரல் உயரவே இல்லை. கிளேருக்குத் தெரிந்தால் சாவியை வாங்கிவிடுவாள், சாவி போனால் அப்புறம் வீடும் போகும், கடைக்கும் டாக்டருக்கும் கார் இல்லாமல் அந்த இடத்தில் இருக்க முடியாது. இரண்டு பேரையும் ஒரே முதியோர் இல்லத்தில் சேர்க்க மாட்டார்கள், விசாரித்துப் பார்த்துவிட்டார். "அவருக்குப் பூட்டின கதவு வேணும். எனக்குச் சுவர்ல கைப்பிடி வேணும். ரெண்டும் ஒரே கட்டடத்துல இல்லையாம்." அதனால் மெதுவாக ஓட்டலாம், திரும்பிப் போய்விடலாம், நீங்கள் பின்னால் இருந்து சத்தமாகச் சொல்லுங்கள், மூன்று பேராகப் போனால் பயமில்லை என்றார். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டபோதுதான் வேதநாயகிக்குப் பயம் உச்சந்தலைக்கு ஏறியது. ஏனென்றால் அவளுக்குச் சரி என்று சொல்லத் தோன்றியது. சரி என்பது எவ்வளவு சின்னச் சொல், எவ்வளவு நன்றாகப் பழகின சொல். இந்த அறுபது கிலோமீட்டரைக் கடந்துவிட்டால் இன்னும் மூன்று சனிக்கிழமை, தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொள்ளலாம், சான்றிதழை வாங்கிக்கொண்டு விமானம் ஏறிவிடலாம், பிறகு என்றைக்காவது ஒரு பால் லாரி, அன்றைக்கு அவள் காரைக்காலில் ஆறாம் வகுப்பில் நிறங்கள் நடத்திக்கொண்டிருப்பாள். "இல்ல மதாம்" என்றாள். அவ்வளவுதான் வந்தது. முடியுமானால், கூடுமானால் எல்லாம் இல்லாமல் வந்தது. பிறகு, இந்தச் சாவியைத் தர மாட்டேன் என்றாள். எதிரே பஸ் ஸ்டாப் இருக்கிறது, நேரம் எழுதிப்போட்டிருக்கிறது, பஸ்ஸில் போவோம் என்றாள். அவளுடைய பிரெஞ்சில் எத்தனை பிழை இருந்ததோ. முசியேவுக்குப் பஸ் என்ற சொல் பிடித்துவிட்டது, ஏற்கெனவே கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

பஸ்ஸுக்கு நாற்பது நிமிஷம் இருந்தது. கண்ணாடிக் கூரைக்குக் கீழே மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள், நடுவில் முசியே. மதாமுக்குக் கோபமா, அழுகையா, முகம் அந்தப் பக்கம் இருந்தது. வேதநாயகிக்கு அடுத்தடுத்த பயங்கள் வந்துகொண்டிருந்தன: வீட்டுக்குப் போனால் அந்த மாடியறைக்கு விடுவார்களா, பயிற்சிக்காரர்களிடம் என்ன சொல்வது, போலீஸுக்குச் சொல்ல வேண்டுமோ, சொல்லாவிட்டால் குற்றமோ, மூன்று வார விருந்தாளி ஒருத்தி ஒரு குடும்பத்தைப் பிரித்துவிட்டுப் போனாள் என்று இருக்குமோ. கோட்டுப் பைக்குள் சாவி சூடாகிவிட்டது. போன் அடித்தது. மதாம் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மடியில் வைத்துக்கொண்டு, அது அடித்து ஓய்கிறவரைக்கும் கைகளால் மூடிக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை அடித்தபோது வேதநாயகி, நீங்க பேசலைன்னா நான் பேசுறேன் மதாம் என்றாள். பேச முடியுமா என்று அவளுக்கே தெரியாது. மதாம் பொத்தானை அழுத்தினார். அந்தப் பக்கத்துக் குரல் எங்கே இருக்கீங்க என்று கேட்டுக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்து, "பெர்னார், இது எந்த ஊர்?" என்று கணவரிடம் கேட்டார் மதாம். அவர் பலகையைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தார். அந்தப் பெயரை மகளிடம் அப்படியே சொன்னார் மதாம். வீடு இல்லை, சூப் இல்லை, அந்தப் பெயர் மட்டும். அந்தப் பக்கம் குரல் நின்றுவிட்டது. பிறகு மகள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. மதாம் தலையை மட்டும் ஆட்டினார், போனில் தலையாட்டினால் தெரியாது என்பதை மறந்துபோய்.

பஸ் பனிக்குள்ளிருந்து வந்து அவர்கள் முன்னால் நின்று கதவைத் திறந்தது. முசியே இளவட்டம் மாதிரி முதல் ஆளாக ஏறி உள்ளே போய்விட்டார், மனைவி ஒருத்தி கூட வந்ததே நினைவில்லாமல். மதாம் கதவுக்கு முன்னால் தனியாக நின்றார். கை முன்னால் நீண்டு, பிடிக்க ஒன்றும் இல்லாமல், காற்றில் நின்றது. வேதநாயகி தன் கையைக் கொடுத்தாள். வளையல் தட்டுப்பட்டதும் அந்த விரல்கள் விறைத்தன, இது முசியேவின் கை இல்லை என்று தெரிந்துவிட்டது. உதறப்போகிறார் என்று நினைத்தாள் வேதநாயகி. டிரைவர் காத்துக்கொண்டிருந்தான். மதாம் முகத்தை அவள் பக்கம் முழுசாகத் திருப்பினார், நேருக்கு நேர், ஓரத்தால் பார்க்கிற முயற்சிகூட இல்லாமல்.

"படி உயரமா?" என்று கேட்டார்.